கூனும் கூடையும்

மலைத்தோட்டத்து ஆரோக்கியம் – 7

ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளிய என் பெரியம்மாவின் முதுகு, அறுபது பிராயத்திற்குப் பிறகு மெல்ல மெல்ல வளையத் தொடங்கியபோது, லயத்தில் இருந்த எவரும் அதை ஒரு வியாதியின் அடையாளமாகக் கருதவில்லை. கூடை சுமந்த முதுகு கூனத்தானே செய்யும் என்று சொல்லி, தலை நரைப்பதைப் போலவும் பல் உதிர்வதைப் போலவும் அதையும் வயோதிகத்தின் சாதாரணக் காரியங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். நானும் வெகுகாலம் அவ்விதமே நம்பியிருந்தேன். 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, கேமரன் மலையின் சரிவுகளில் தமிழருடைய உழைப்பு பெரிதும் கலந்திருக்கிறது. இப்போது கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. அவற்றைப் பிடிக்கும் கைகளும் பெரும்பாலும் வேறு தேசத்துக் கைகள். கூடை சுமந்த நம் ஸ்திரீகளோ எழுபதைத் தாண்டி, பிள்ளைகளின் வீட்டில், குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

கூடையின்மேல் சுமத்தப்பட்ட பழி நியாயமானதன்று. மேட்டில் ஏறுவதும் பாரம் சுமப்பதும் எலும்பை வலுப்படுத்துமேயன்றிக் கரைத்துவிடமாட்டா. மாதவிடாய் நின்றபின், அதுவரையில் எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைந்துபோவதால், எலும்பின் உட்புறம் தேன்கூட்டின் சுவர்கள் மெலிவதைப்போல மெலிகிறது. மெலிந்த முதுகெலும்புக் கட்டைகள் விழாமலும் அடிபடாமலும், ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும்போதுகூட நசுங்கிப்போகின்றன. அப்படி இரண்டு மூன்று கட்டைகள் முன்பக்கமாக நசுங்கினால், அதைத்தான் நாம் கூன் என்கிறோம். முழங்கால் மூட்டு வலிக்கும்போது நம்மவர்கள் சொல்லும் 'எலும்புத் தேய்மானம்' இதுவன்று. அது மூட்டின் குருத்தெலும்பு தேய்வது. அந்த வியாதி வலியினால் தன்னை அறிவித்துவிடும்; எலும்பு மெலிவோ முறிகிற வரையில் பேசாது. மலேசியாவில் 50 வயதைக் கடந்த ஒவ்வோர் இலட்சம் பேரிலும் 90 பேருக்கு ஓராண்டில் இடுப்பெலும்பு முறிகிறது என்று 1997ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று சொல்கிறது. முறிந்தவர்களில் பலர் பழையபடி தம் காலால் நடமாடுவதில்லை.

முறிவதற்கு முன்பே மெலிவை அளந்து சொல்வதுதான் டெக்ஸா என்று வழங்கும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை. யார் இதற்குப் போகவேண்டும் என்பதை அறிய, ஆசிய நாடுகள் எட்டைச் சேர்ந்த ஸ்திரீகளை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட எளிய கணக்கு ஒன்று உண்டு. மாதவிடாய் நின்றவர்கள் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். கிலோவில் உள்ள எடையிலிருந்து வயதைக் கழித்து, வருவதை 0.2ஆல் பெருக்கவேண்டும். விடை மைனஸ் 4க்கும் கீழே போனால் ஆபத்து அதிகம். பெரியம்மாவுக்கு வயது 72, எடை 41 கிலோ. விடை மைனஸ் 6.2. கணக்கு எப்படி வந்தாலும், சறுக்கி விழுந்த அளவிலேயே எலும்பு முறிந்தவர்களும், நாற்பத்தைந்துக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொண்டவர்களும் டாக்டரிடம் கேட்கத்தான் வேண்டும். மூட்டுவலிக்கென்று பெயர் தெரியாமல் விற்கப்படும் உருண்டைகளிலும் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துபோயிற்று என்று எவரேனும் புகழ்ந்தால், அந்த மருந்தின்மேல் சந்தேகம் கொள்ளுங்கள்.

தானா ராத்தாவில் டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார். கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய் வழியாக நாங்கள் ஈப்போவுக்கு இறங்கினோம். வளைவுக்கு வளைவு பெரியம்மா கேட்டுக்கொண்டு வந்தது ஒன்றே: "ஏம்ப்பா, அந்தக் குகை மாதிரி மெசினுக்குள்ள தள்ளிடுவாங்களா?" பக்கத்து வீட்டுக்காரருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த கதை அவள் மனத்தில் இருந்தது. குகை கிடையாது, ஊசி கிடையாது, பட்டினியும் கிடையாது. கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முந்தின நாளிலிருந்து அதை நிறுத்திவைத்தால் போதும். சாயமருந்து கொடுத்து சி.டி. ஸ்கேனோ, பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரேயோ சமீபத்தில் எடுத்திருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். இரண்டு வாரம்போலத் தள்ளிவைப்பார்கள். கர்ப்பிணிகளும் சொல்லியாகவேண்டும்.

உலோகத்தின் விஷயத்தில்தான் நம் ஸ்திரீகள் விசேஷ ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். தாலிக்கொடியையும் அதில் கோத்திருந்த இரண்டு ஊக்குகளையும் பெரியம்மா கழற்றி என் கையில் கொடுத்தாள். அரைஞாண் வெள்ளியும் வந்தது. படம் எடுக்கும் மலாய்ப் பெண் எல்லாம் சரிதானா என்று கேட்டபோது சரியென்றே தலையசைத்தாள். சில நிமிஷங்களுக்குப் பின் திரையில் முதுகெலும்பின் மங்கிய நிழலுக்குப் பக்கத்தில், பளிச்சென்று, பௌர்ணமி நிலவைப்போல் வட்டமாக ஏதோ ஒன்று தெரிந்தது. முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்த ஐம்பது காசு! எலும்பின்மேல் அந்தக் காசு விழுந்திருந்தால் கருவி அதையும் எலும்பென்று எண்ணி அளவைக் கூட்டியே காட்டியிருக்கும். முடிச்சை அவிழ்த்த பிறகு மறுபடியும் எடுத்தார்கள்.

எடுக்கும் முறை இதுதான். முதலில் உயரமும் எடையும் பார்க்கிறார்கள். பிறகு மெத்தையிட்ட நீண்ட மேஜையில் மல்லாந்து படுக்கச் சொல்லி, கால்களைத் தூக்கிச் சதுரமான திண்டு ஒன்றின்மேல் வைக்கிறார்கள். இடுப்பின் வளைவு மேஜையோடு ஒட்டிப் படியவேண்டும் என்பதற்காக. உடம்புக்கு மேலே ஒரு கை நீளும் கருவி, மெல்லிய முனகலோடு, அங்குலம் அங்குலமாக நகர்கிறது. அடுத்தபடி திண்டை எடுத்துவிட்டு, பாதத்தை உட்புறமாகத் திருப்பி ஒரு முக்கோணக் கட்டையில் பட்டையால் கட்டுகிறார்கள். தொடையெலும்பின் கழுத்து ஒளியாமல் தெரிவதற்கு அந்தத் திருப்பம் வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்குச் சற்றே சிரமம் தருவது அந்த ஒரு கட்டந்தான். வலித்தால் தயங்காமல் சொல்லலாம். "ஜாங்கான் கெராக்" என்று அந்தப் பெண் சொன்னாள், அசையாதீர்கள் என்று. ஆயாக்கொட்டகைக் காலத்திலிருந்து மலாய் பழகிய பெரியம்மா மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொள்ள, மூச்சு விடலாம் பாட்டி என்று அவள் சிரித்தாள். பதினைந்து நிமிஷத்தில் யாவும் முடிந்தன. உடம்பில் பாயும் கிரணங்களின் அளவு மார்பு எக்ஸ்ரே ஒன்றில் படுவதைக் காட்டிலும் குறைவு.

முடிவுத்தாளில் இரண்டு எண்கள் இருக்கும். சம வயதினரோடு ஒப்பிடுவது இசட் ஸ்கோர். யௌவனத்தில் திடமாயிருக்கும் பெண்களின் சராசரியோடு ஒப்பிடுவது டி ஸ்கோர். வயதானவர்களுக்கு இதுவே பிரதானம். 1994ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வகுத்தபடி, மைனஸ் 1 வரையில் இருந்தால் எலும்பு நன்று. அதற்கும் மைனஸ் 2.5க்கும் இடையே இருந்தால் அடர்த்திக் குறைவு; மைனஸ் 2.5ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்பு மெலிவு நோய். ஒவ்வோர் எண் இறங்கும்தோறும் முறியும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது.

பெரியம்மாவுக்கு முதுகில் மைனஸ் 1.9, இடுப்பில் மைனஸ் 2.8. முதுகு தேவலாம்போல் இருக்கிறதே என்று நான் ஆறுதலாகச் சொல்ல, டாக்டர் என் அபிப்பிராயத்தைத் திருத்தினார். நசுங்கிய கட்டைகளும், வயோதிகத்தில் முளைக்கும் எலும்பு முட்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, முதுகின் அடர்த்தியை உள்ளதைவிடக் கூட்டியே காட்டும்; ஆகையால் இரண்டில் தாழ்ந்த எண்ணையே கொள்ளவேண்டும் என்றார். பிறகு பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஆப்பைப்போல முன்பக்கம் ஒடுங்கிய இரண்டு கட்டைகள் அங்கே இருந்தன.

"அப்போ இது கூடையால வந்த கூன் இல்லையா, டாக்டர்?" என்றாள் பெரியம்மா. இல்லை என்று அவர் சொன்னதும், வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றிரண்டு வருஷத்தில் மறுபடியும் அளக்கவேண்டும், கூடுமானவரையில் இதே கருவியில். கருவி மாறினால் எண்களை ஒப்பிடுவது சரிவராது. தாளைப் பத்திரமாக வையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சம்பளச் சீட்டுகளும் பிறப்புப் பத்திரமும் இருக்கும் பிஸ்கட் டின்னில், அவற்றுக்கெல்லாம் மேலே அதை வைத்து மூடியிருக்கிறாள்.

(அடுத்த வாரம்: மாத்திரைகளும் வெயிலும்)