மீனுக்கு வழிவிடாத வாய்க்கால்

ஐப்பசியில் மழை வலுத்ததும் மடைவாயில் புதுமீன் ஏறும். கொள்ளிடக் கரையிலும் வெள்ளாற்றங்கரையிலும் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். அடைமழையில் கூலி வேலை நின்றுவிடும். நிலமில்லாத குடும்பத்துக்கு அப்போது காசில்லாமல் கிடைக்கும் குழம்பு அந்த மீன்தான்.

கீழணையில் பிரியும் வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது. வடக்கு ராஜன் வாய்க்கால் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பகுதி வயல்களுக்குப் பாய்கிறது. வெள்ளம் வரும்போது ஆறு, ஏரி, வாய்க்கால், வயல் எல்லாம் ஒரே நீராகின்றன. கெண்டையும் கெளுத்தியும் ஆழமில்லாத புதுநீர் தேடி வந்து முட்டையிடுகின்றன. விரால் புல் மறைவில் கூடு கட்டி, சிவந்த குஞ்சுகளைக் காவல் காக்கிறது. நீர் வடியும்போது குஞ்சுகள் வளர்ந்து வாய்க்காலுக்குத் திரும்ப வேண்டும்.

அந்த வழியைத்தான் பிளாஸ்டிக் அடைக்கிறது. மளிகைக் கடைப் பை, பால் கவர், உரச் சாக்கு, அறுந்த நைலான் வலை எல்லாம் மதகிலும் பாலத்தடியிலும் சிக்கிச் சுவராகின்றன. தேங்கிய நீர் அழுகி, அதிலுள்ள பிராணவாயு குறைகிறது. விராலும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றைச் சுவாசித்துத் தாக்குப்பிடிக்கும். கெண்டைக்கு அந்த வசதியில்லை. வெயிலில் நொறுங்கும் பிளாஸ்டிக் 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துகளாகி, இரையோடு மீன் வயிற்றுக்குள் போகிறது. பொடிமீனை நாம் குடலோடு சமைக்கிறோம்.

அடைபட்ட நீர் முதலில் ஏறுவது தாழ்ந்த இடத்தில். நம் காலனிகள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. 2015 பெருவெள்ளத்தைக் கடலூர் மாவட்டம் மறக்கவில்லை. கடைசியாகக் குப்பை சேருமிடம் கழிமுகம். பிச்சாவரம், கிள்ளைப் பக்கம் இருளர்கள் நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். மேட்டில் எறிந்த குப்பை அவர்கள் கையில்தான் தட்டுப்படுகிறது. அடைப்பெடுக்க இறக்கப்படும் தூய்மைப் பணியாளர்களிலும் பெரும்பாலோர் நம்மவரே.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகள் கிராம ஊராட்சிக்கும் பொறுப்பை வைத்தன. வடிகால் அடைத்து வெள்ளத்தில் தத்தளித்த வங்கதேசம் மெல்லிய பாலித்தீன் பைகளை 2002-லேயே தடை செய்தது.

அக்டோபர் 2 கிராமசபை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் வருகிறது. அன்று மூன்று கேள்விகளை எழுப்பலாம். மதகுகளின் அடைப்பு மழைக்கு முன் எடுக்கப்பட்டதா? எடுத்த குப்பை எங்கே போகிறது. காலனி ஓரக் குட்டைக்கா? இறங்கும் தொழிலாளிக்குக் கையுறையும் காலணியும் உண்டா? கேட்பதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். படித்த பிள்ளைகள் அந்தப் பதிவேட்டைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

காட்டுமன்னார்கோவில் மண்ணின் இளையபெருமாள் தலைமையிலான குழு 1969-ல் தீண்டாமை பற்றி அறிக்கை தந்தது. அன்று பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவே போராட வேண்டியிருந்தது. பொது வாய்க்கால் சுத்தமாக ஓட வேண்டும் என்று கேட்பதும் அதே உரிமையின் தொடர்ச்சிதான்.