மூன்று தலைகள், மூன்று குணங்கள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்து மலைப் பாதைகளைச் சரித்துப் போட்டது. துண்டிக்கப்பட்ட ஊர்கள் பலவற்றுக்கு ஹெலிகொப்டரே வழியானது. மலைநாட்டில் அதை ஓட்டுவது லேசான வேலையல்ல. கண்டி நகரம் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நக்கிள்ஸ் தொடரின் முகடுகளோ 1,900 மீற்றரை எட்டுகின்றன. முகட்டைத் தாண்டும் காற்று மறுபுறம் சுருண்டு கீழே விழும். அந்த இடத்தில் விமானி கட்டுப்பாட்டுக் கோலை அசைத்தால் ஹெலிகொப்டரின் உடல் எவ்வளவு விரைவாகக் கேட்கும்? இறக்கைகளைச் சுழல்தண்டோடு இணைக்கும் சுழலித் தலைக்கு இதில் பெரும் பங்குண்டு.

கோலை முன்னே தள்ளினால், ஒவ்வோர் இறக்கையின் சாய்வும் ஒரு சுற்றுக்குள்ளேயே கூடிக் குறைகிறது. இறக்கைகள் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ, சுழலும் வட்டம் முழுவதும் முன்னோக்கிச் சாய்கிறது. வட்டம் சாய்ந்தாயிற்று; உடலும் சாய வேண்டுமே! இங்கேதான் தலைகள் வேறுபடுகின்றன. இலங்கை விமானப்படையிடம் மூன்று வகையும் உண்டு.

பெல் 212க்கு இரண்டே இறக்கைகள். இரண்டும் ஒன்றாகப் பிணைந்து, சீசோப் பலகை போலத் தண்டின் உச்சியில் ஆடுகின்றன. இந்தத் தலையால் உடலை நேரடியாகத் திருப்ப முடியாது. சாய்ந்த தூக்குவிசைதான் உடலை இழுத்துத் திருப்ப வேண்டும். முகட்டைக் கடந்ததும் விமானி கோலைச் சடாரென முன்னே தள்ளினால் தூக்குவிசை ஏறக்குறைய இல்லாமற் போகும். வால் சுழலியின் உந்தலால் உடல் வலப்பக்கம் உருளும். பதறிக் கோலை இடப்பக்கம் தள்ளினால் வட்டம் மட்டுமே சாயும், உடல் வராது. தலை தண்டில் மோதி, தண்டே முறியலாம். முதலில் கோலை மெல்லப் பின்னிழுத்துத் தூக்குவிசையை மீட்க வேண்டும். உருளலைத் திருத்துவது அதற்குப் பிறகுதான்.

எம்.ஐ.-17இன் ஐந்து இறக்கைகளுக்கும் தனித்தனிப் பிணைச்சல்கள். அவை தண்டின் மையத்திலிருந்து சற்றுத் தள்ளியிருக்கின்றன. சுழலும் இறக்கை வெளிநோக்கி இழுக்கும் விசை அந்த இடைவெளியில் நெம்புகோலாக வேலை செய்து தண்டையே சாய்க்கிறது. தூக்குவிசை குறைந்தாலும் கட்டுப்பாடு முற்றாகக் கைவிட்டுப் போவதில்லை. இறக்கை மேலும் கீழும் ஆடப் பிணைச்சல் வைக்கும் உத்தியால்தான் ஸ்பெயின் நாட்டுப் பொறியியலாளர் ஹுவான் டி லா சியெர்வா 1923இல் தமது சுழல் இறக்கை ஊர்தியைக் கவிழாமல் பறக்கவிட்டார்.

பெல் 412இன் நான்கு இறக்கைகளுக்கு அந்தப் பிணைச்சலும் இல்லை. வளைந்துகொடுக்கும் சட்டமே அதன் வேலையைச் செய்கிறது. நெம்புகோலின் நீளம் கூடியதுபோல, கோல் அசைந்ததும் உடல் சட்டென்று திரும்பும். பெங்களூரில் உருவான துருவ் ஹெலிகொப்டரின் தலையும் பிணைச்சலற்றதுதான். 2021 மார்ச்சில் இலங்கை விமானப்படையின் 70ஆம் ஆண்டு விழாவுக்காகக் காலிமுகத்திடல் வானில் சாகசம் காட்டிய இந்தியாவின் சாரங் அணி ஓட்டுவது இந்தத் துருவ்களைத்தான்.

ஆனால் விமானியின் சொல்லுக்கு உடனே பணியும் தலை, காற்றின் சொல்லுக்கும் உடனே பணியும். சுழல்காற்றின் உதறலும் வளைவிசையும் தண்டு வழியே உடலுக்கு இறங்குவதால், அதிர்வைத் தணிக்கும் ஏற்பாடுகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. சீசோத் தலையோ பாகங்கள் குறைந்தது, பராமரிக்க எளிது. மலைமுகட்டில் அது கேட்கும் விலை, விமானியின் பதறாத கை.