மட்டக் கருவியும் விற்றவர் பொறுப்பும்

வீடு கட்டும் மேஸ்திரிக்கு ரசமட்டமும் நீர் நிரப்பிய குழாயும் போதும். வாய்க்கால் வெட்டுகிறவருக்கும் சாலை போடுகிறவருக்குமோ லெவல் கருவி இன்றி ஒரு காரியமும் நடவாது. 1832-இல் வில்லியம் கிராவட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் அமைத்த டம்பி லெவலில் குமிழை நடுவே நிறுத்தும் பொறுப்பு முழுவதும் சர்வேயரின் கண்ணையும் விரலையும் சார்ந்திருந்தது. 1950-இல் ஜெர்மானிய ஸைஸ் நிறுவனத்தின் ஆட்டோ லெவல் தோன்றியபின், வட்டக் குமிழை ஏறத்தாழ நடுவுக்குக் கொணர்ந்துவிட்டால், மெல்லிய கம்பிகளில் ஊசலாடும் காம்பென்ஸேட்டர் என்ற உறுப்பு புவியீர்ப்பின் துணைகொண்டு பார்வைக்கோட்டைத் தானே கிடைமட்டமாக்கி விடுகிறது.

வாங்கப் போகிறவர்கள் தொலைநோக்கி 24 மடங்கா, 32 மடங்கா என்றே முதலில் விசாரிக்கிறார்கள். சாதாரண வேலைக்கு 24 மடங்கே தாராளம். கருவி கெட்டால் யார், எந்த ஊரில், எத்தனை நாளில் சீர்செய்து தருவார் என்பதே என் அபிப்பிராயத்தில் முதற்கேள்வி. எங்கள் கருவி ஒன்றைச் சீர்செய்வதாக எடுத்துச் சென்ற வியாபாரி, மழைக்காலம் முழுவதும் அதை முடக்கி வைத்திருந்து, தோஷம் ஏதுமில்லை என்ற ஒருவரிச் சீட்டோடு, பழைய தோஷம் அப்படியே இருக்கத் திருப்பியனுப்பினார்.

அத்தகைய சீட்டுக்கு மறுமொழி சொல்ல வல்லது இருமுளைப் பரீட்சை. 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை அறைந்து, கருவியைச் சரிநடுவே நிறுத்தி, முளைகள்மேல் வைத்த ஸ்டாஃப் என்னும் அளவுகோலைப் படித்தால், பார்வைக்கோடு சாய்ந்திருந்தாலும் பிழை இருபுறமும் சமமாகிக் கழிந்துவிடும். முதல் முளையில் 1.425, இரண்டாவதில் 1.210 என்றால், உண்மையான வித்தியாசம் 0.215 மீட்டர். பிறகு இரண்டாம் முளையருகே கருவியை நாட்டி, அங்கே 1.350 என்று படித்தால், தூரத்து முளையில் 1.565 வரவேண்டும். 1.571 வந்தால் 6 மில்லிமீட்டர் பிழை. ஆயிரத்துக்கு ஒன்று சரிவுள்ள வாய்க்கால் அத்தூரத்தில் இறங்குவதே 6 சென்டிமீட்டர்தான் என்பதால், இது பொறுக்கத்தக்கதன்று.

இப்பரீட்சையைப் பணம் கொடுக்குமுன் கடைக்காரர் முன்னிலையிலேயே செய்து, அளவுகளை ரசீதில் குறித்து வாங்குவது உத்தமம். குறுக்கு இழையின் திருகைச் சிறு ஊசியால் திருப்பி இப்பிழையைத் தாமே நீக்கிக்கொள்ளலாம். ஆனால் தட்டினால் இழை ஆடித் தன் இடத்துக்குத் திரும்பாமல் காம்பென்ஸேட்டர் சிக்கியிருந்தால், மூடியைத் திறக்கவே கூடாது. அப்போது பரீட்சை அளவுகளைத் தேதியுடன் எழுதி வியாபாரிக்குப் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அனுப்புக. அவர் அசையாவிடில், ஜீவனோபாயத்துக்காகத் தாமே கருவி பிடிக்கும் சர்வேயருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிட இடமுண்டு; வியாபார நோக்கில் வாங்கிய பெரிய நிறுவனங்களுக்கு அவ்வழி இல்லையாதலால், பழுதுபார்க்கும் பொறுப்பையும் அதன் காலவரம்பையும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே அவர்கள் எழுதிவைக்க வேண்டும்.