செல்லாக் காசு – 9: ஓட்டைக் காலணா

முத்துப்பேட்டையில் பழைய மரப்பெட்டியைத் திறந்தால் மூன்று சீமைக் காசு கிடக்கும். கொழும்புக்கும் பினாங்குக்கும் போய்வந்த குடும்பங்கள் இங்கே பல. நம் காலணாவோடு சிலோன் சென்ட்டும் மலேயாவின் சதுர சென்ட்டும் கலந்திருக்கும். அதில் ஒன்று கொஞ்சம் கோணலாக இருந்துவிட்டால் போதும், 'எரர் காயின், லட்சத்துக்குப் போகும்' என்று வீட்டில் யாராவது கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் அது உப்புக்காற்று பார்த்த வேலையாகத்தான் இருக்கும். கடலோரத்தில் செம்புக்கு ஆயுசு குறைவு.

கேட்கவேண்டியது ஒன்றுதான். கோளாறு அக்கசாலையிலேயே நேர்ந்ததா, வெளியே வந்தபிறகா?

ஓட்டையையே எடுத்துக்கொள்வோம். 1943 முதல் 1947 வரை வந்த காலணாவுக்கு நடுவில் ஓட்டை போட்டே வெளியிட்டார்கள். யுத்தகாலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க. எழுத்தும் கிரீடமும் அந்த ஓட்டைக்கு இடம்விட்டே அமைந்திருக்கும். ஓட்டை ஓரமாக ஒதுங்கியிருந்தால் அது அக்கசாலையின் தவறு. ஆனால் 1835ஆம் வருஷத்துக் கம்பெனிக் காலணாவில் ஓட்டை இருந்தால், பிள்ளையின் அரைஞாணில் கோக்க யாரோ ஆணி அடித்திருக்கிறார்கள். லென்ஸில் பாருங்கள்: ஆணி இறங்கிய பக்கம் குழிந்து, மறுபக்கம் செம்பு பிதுங்கி நிற்கும். குறுக்கே வந்த எழுத்து கிழிந்திருக்கும்.

விளிம்பில் எலி கடித்ததுபோல் ஒரு துண்டு இல்லாத காசு இன்னும் சுவாரசியமானது. தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டும்போது தகடு சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய வட்டத்தின்மேலேயே அடுத்த வெட்டும் விழும். அதனால் கடி பிறைபோல வளைந்திருக்கும். அந்த வில்லை அச்சுக்குள் போகும்போது நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பில் அழுத்தம் போதாமல், அங்கே வரம்பு மங்கிவிடுவது வழக்கம். அரம் போட்டுப் போலிக் கடி உண்டாக்கியவனுக்கு எதிர்ப்பக்கம் நினைவிருக்காது. அங்கே வரம்பு கிண்ணென்று நிற்கும். எடை போட்டுப் பயனில்லை, இரண்டிலும் குறையத்தான் செய்யும்.

ஒரு பக்கத்து உருவமே மறுபக்கத்தில் கண்ணாடிபோல் இடவலம் மாறிக் குழிந்து விழுவதைப் 'பிராக்கேஜ்' என்பார்கள். அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன்மேல் பதிவதால் வருவது. இரண்டு காசை வைஸில் இறுக்கி இதைப் போலியாகவும் செய்கிறார்கள். அதில் குழிந்த எழுத்துக்கு அடியில் காசின் பழைய முத்திரை நிழலாடும். அசலில் அது இருக்க வழியே இல்லை.

இதெல்லாம் பெரும்பாலும் எந்திரக் காசுக்குத்தான். டெல்டா மண்ணில் கிடைக்கும் ராஜராஜன் செப்புக்காசு சுத்தியலால் அடித்தது. ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரியில் பெயர். அதில் பாதி எழுத்து வில்லைக்கு வெளியே போயிருந்தால் பிழை என்று விலை ஏற்றுவது அநியாயம். கையால் அடிப்பதன் இயல்பு அது.

சேதமான காசுக்கு மதிப்பே இல்லை என்பதில்லை. மதராஸுக்காக இங்கிலாந்தில் அடித்த 1808ஆம் வருஷத்துக் காசுகளோடு அட்மிரல் கார்டனர் கப்பல் 1809இல் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. பின்னாளில் எடுத்த அந்தக் காசுகள் கடல் அரித்த தழும்போடேயே, கப்பல் பெயரைச் சொல்லி விற்கப்படுகின்றன.

பெட்டியில் இருப்பதைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மேடாக ஓடும் மெல்லிய கோடு அச்சு விரிசலின் அடையாளம். பள்ளமாக ஓடினால் வெறும் கீறல். தேய்த்த காசில் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.