முகம் தெரியாதவருக்குக் கடன்: எவ்வளவு வரை?

“வருஷத்துக்கு 14 சதவீதம் வருதாமே, பி.எஃப். பணத்துல பாதியைப் போட்டுடலாமா?” முகம் தெரியாதவர்களுக்கு நேரடியாகக் கடன் கொடுக்க வழிசெய்யும் பி2பி ஆப்களைப் பற்றி இப்படிக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அவசரம் வேண்டாம், டீயைக் குடித்துக்கொண்டே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில், இதில் நீங்கள் யார்? டெபாசிட் போட்டவர் அல்ல, வட்டிக்குக் கொடுத்தவர். நடுவிலிருக்கும் நிறுவனம், 2017 அக்டோபரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளின்படி பதிவு பெற்றிருந்தாலும், வேலை என்னவோ தரகு வேலைதான். வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இங்கே காப்பீடும் கிடையாது, அடமானமும் கிடையாது. வாங்கியவர் கைவிரித்தால் அசலும் வட்டியும் போவது உங்களுக்குத்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். 1 லட்சம் ரூபாயை 100 பேருக்கு ஆளுக்கு 1,000 எனப் பிரித்துக் கொடுக்கிறீர்கள். ஒரு வருடம், 14 சதவீத வட்டி. 94 பேர் ஒழுங்காகக் கட்டுகிறார்கள், 6 பேர் ஒரு பைசா தரவில்லை. கைக்கு வருவது 1,07,160 ரூபாய். 14 என்றது ஏழாகிவிட்டது. இனி வரி. வந்த வட்டி 13,160 ரூபாய். 30 சதவீத வரி கட்டுகிறவர் என்றால் 3,948 ரூபாய் போகும். அந்த ஆறு பேரிடம் போன 6,000 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கடன் கொடுப்பதைத் தொழிலாகச் செய்யாத சாதாரண மனிதருக்கு அந்தச் சலுகை இல்லை. கடைசியில் மிஞ்சுவது 3,212 ரூபாய். 7 சதவீத பிக்சட் டெபாசிட்டில் அதே வரி போக 4,900 ரூபாய் நின்றிருக்கும். கட்டாதவர்கள் 10 பேரானால், வரி போகப் போட்ட லட்சமே முழுதாகத் திரும்பாது. இதில் நிறுவனத்தின் கட்டணத்தை நான் சேர்க்கவே இல்லை.

நூறு பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டோம் என்ற தைரியமும் பாதிதான் உண்மை. வங்கி கொடுக்க மறுத்ததால் இங்கே வருகிறவர்கள் பலர். 2020 கொரோனா காலம் மாதிரி ஊருக்கே வேலை போகும் வருடத்தில் இவர்கள் சேர்ந்தாற்போல் தவணையை நிறுத்துவார்கள். உங்கள் சம்பளம் ஆட்டம் காண்பதும், தம்பி வந்து கைமாற்று கேட்பதும் அதே வருடத்தில்தான். என் பயமெல்லாம் இதுதான்.

அவசரத்துக்கு உடனே எடுக்கவும் முடியாது. நினைத்தபோது எடுக்கலாம், இத்தனை சதவீதம் நிச்சயம் என்று சொல்லி விற்கக் கூடாது என 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கறாராகச் சொல்லிவிட்டது. கடன் 36 மாதம் வரை ஓடலாம்.

எல்லா ஆப்களிலும் சேர்த்து ஒருவர் 50 லட்சம் வரை கொடுக்க விதி இடம் தருகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால், குறைந்தது 50 லட்சம் நிகர சொத்து இருப்பதாக ஆடிட்டர் சான்று வேண்டும். ஒரே ஆளுக்கு 50,000 வரை கொடுக்கலாம். இவையெல்லாம் தாண்டக் கூடாத கோடுகள்; அதுவரை போகலாம் என்ற யோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வியாபாரத்தை 2005-இல் ஸோபா நிறுவனம் தொடங்கிவைத்த பிரிட்டனில், ஆலோசனை பெறாத சாதாரண முதலீட்டாளர் முதலீட்டுப் பணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது என்று 2019-இல் விதி வந்தது. ஸோபாவே 2021-இல் பி2பி கடனை மூடிவிட்டது.

என் கணக்கு இன்னும் சிக்கனமானது. குடியிருக்கும் வீடு, நகை, ஆறு மாதச் செலவுப் பணம் இவற்றை ஒதுக்கிவிட்டு, மிச்சமிருப்பதில் 5 சதவீதம். 40 லட்சம் இருந்தால் 2 லட்சம். அதையும் மொத்தமாக இறக்காமல், முதலில் 20,000 ரூபாயைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்து ஒரு வருடம் தவணைகள் எப்படி வருகின்றன என்று பாருங்கள். வீட்டுக்கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால் அதை அடைப்பதே மேல். பி.எஃப். பணத்தின் வட்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு என் பதில் பூஜ்ஜியம். மகள் கல்யாணம், மகன் காலேஜ் ஃபீஸ் என்று தேதி குறித்து வைத்த பணத்தில் ஒரு ரூபாயைக்கூட இங்கே போடாதீர்கள்.