கட்டடம் புதிதானால் ஆய்வகம் இயங்குமா?

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல், கணித வகுப்புகள் நடைபெறும் கட்டடத்தைப் பழுதுபார்ப்பதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் ஓராண்டாக விவாதித்து வருகிறோம். கல்வியாளர் என்ற முறையில் அக்குழுவில் எனக்கும் ஓர் இடம் உண்டு. கூரையின் பூச்சு உதிர்ந்து துருவேறிய கம்பிகள் வெளியே தெரிகின்றன. வேதியியல் ஆய்வகத்தின் கழிவுநீர்க் குழாய்கள் அடைத்துக் கிடக்கின்றன. 'புதிய கட்டடமே கேட்போம். அதுதான் எளிதில் கிடைக்கும்' என்பது உறுப்பினர் பலரின் கருத்து.

சிறிய செலவைவிடப் பெரிய செலவுக்கு ஒப்புதல் பெறுவது எளிது என்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால், அவர்கள் கூறுவது உண்மையே. அதற்கான காரணம் அரசின் கணக்கு முறையில் இருக்கிறது.

புதிய கட்டடம் மூலதனச் செலவு. பழுதுபார்ப்பு வருவாய்ச் செலவு. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைக்குமாறு வலியுறுத்துகிறது. ஊதியம், ஓய்வூதியம் (எனது ஓய்வூதியமும் இதில் அடக்கம்), வட்டி ஆகியவற்றில் கைவைக்க இயலாது. எனவே, முதலில் வெட்டப்படுவது பராமரிப்புச் செலவு. பள்ளிக் கட்டடம் கட்ட நபார்டு வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு நிதியிலிருந்து கடன் பெறலாம். அடைத்த குழாயைச் சரிசெய்ய யாரும் கடன் தருவதில்லை.

தனியார் நிறுவனம் தன் கட்டடத்தின் தேய்மானத்தை ஆண்டுதோறும் கணக்கில் காட்டியாக வேண்டும். அரசுக் கணக்கு ரொக்க அடிப்படையிலானது. அதில் தேய்மானத்துக்கு இடமில்லை. மாடியில் பதித்த தட்டோடுகளின் இடுக்கில் மழைநீர் இறங்குகிறது. உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கிறது. அந்த இடுக்கை அடைக்கும் செலவு அற்பமானது. அதைச் செய்யாமல் விட்டதால் ஏற்படும் இழப்போ எந்த நிதிநிலை அறிக்கையிலும் பதிவாவதில்லை.

இடிக்கவே கூடாது என்பதல்ல என் வாதம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதன் பிறகு மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்கள் அகற்றப்பட்டன. ஐந்து ஆண்டுகளில் ரூ.7,000 கோடி என்ற இலக்குடன் பேராசிரியர் அன்பழகன் பெயரிலான திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. இவை தேவையான நடவடிக்கைகள். ஆனால், தூண்களும் அடித்தளமும் உறுதியாக உள்ளனவா என்று சோதிக்காமலே ஒரு கட்டடத்தைக் கைவிடுவது சிக்கனமும் அல்ல, பாதுகாப்பும் அல்ல.

மேலும், ஆய்வகம் என்பது மேசை போட்ட வகுப்பறை அல்ல. 1978-இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமானபோது பல உயர்நிலைப் பள்ளிகள் இருந்த வகுப்பறைகளையே ஆய்வகங்களாக மாற்றிக்கொண்டன. அமிலத்தைத் தாங்கும் வடிகால், உப்புப் பகுப்பாய்வில் எழும் புகை வெளியேற வழி, மேசைதோறும் தண்ணீரும் மின் இணைப்பும், நிறமாலைமானிக்கு இருட்டறை ஆகிய அனைத்தும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். எங்களுக்குக் காட்டிய வரைபடத்தில் நான்கு அறைகளும் ஒரே அச்சு. ஒன்றின் மேல் 'வேதியியல்' என்று எழுதியிருந்தார்கள்; அவ்வளவே வேறுபாடு. (கணித ஆசிரியர் கேட்டது அகலமான கரும்பலகையும் நல்ல வெளிச்சமும் மட்டுமே.)

பெற்றோர் இதற்காகக் குரல் எழுப்பாததற்கும் காரணம் உண்டு. மேல்நிலைத் தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண்கள். நீட் தேர்வில் பியூரெட்டைக் கையில் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆய்வகம் பூட்டிக் கிடந்தாலும் மதிப்பெண் பட்டியலில் அது பெரிதாகத் தெரியாது. கல்லூரி முதலாண்டில்தான் தெரியவரும். அதுவும் தனிப் பயிற்சிக்கு வழியில்லாத மாணவனுக்கு.

குழுவின் அடுத்த கூட்டத்தில் நான் இரண்டு தீர்மானங்களை முன்மொழியவிருக்கிறேன். முதலாவது, கட்டடத்தின் உறுதித்தன்மை குறித்துப் பொறியாளரிடம் எழுத்துபூர்வ அறிக்கை பெற்ற பின்னரே இடிப்பது பற்றி முடிவெடுப்பது. இரண்டாவது, பழுதுபார்த்தாலும் புதிதாகக் கட்டினாலும், வேதிப்பொருள்கள், கண்ணாடிக் கருவிகள், கூரைப் பராமரிப்பு ஆகியவற்றுக்கான ஆண்டுத் தொகையையும் ஆய்வக உதவியாளர் பணியிடத்தையும் அதே அரசாணையில் சேர்க்குமாறு கோருவது. இரண்டாவதற்கு 'விதியில் இடமில்லை' என்ற பதில் வரக்கூடும். அப்படியானால் திருத்த வேண்டியது அந்த விதியைத்தான்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).