ஒரு ஆள் குறையுது, வர்றீங்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு போன் அடித்தால் எங்கள் வீட்டில் யாரும் பதறுவதில்லை. "அண்ணா, ஒரு ஆள் குறையுது, வர்றீங்களா?" என்ற குரல்தான் அது. காட்டாங்குளத்தூரில் பிளாட் போட்டு, இன்னும் வீடு எழும்பாத மனைகள்தான் எங்கள் மைதானம். எல்லைக்கல்தான் பவுண்டரி, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிதான் ஸ்டம்ப். மறைமலை நகரில் இரவு ஷிஃப்ட் முடித்தவர் சாப்பாட்டுப் பையோடு நேராக வந்துவிடுவார். மருந்துக்கடைக்காரர் வருவார், கல்லூரி மாணவர்கள் வருவார்கள், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரும் உண்டு. இந்த ஆட்டம் இல்லாவிட்டால், தாம்பரம் போகும் மின்சார ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டு முகம் பார்க்காமல் இறங்கிப் போயிருப்போம்.

பந்து தேடும் பத்து நிமிடம்

நாங்கள் ஆடுவது டென்னிஸ் பந்து கிரிக்கெட். இலங்கைத் தமிழர்கள் இதை மென்பந்து கிரிக்கெட் என்பார்கள். அமெரிக்காவில் இந்த இடத்தில் இருப்பது சாஃப்ட்பால். 1887-இல் சிகாகோவின் ஃபாரகட் படகுக் கழகத்தில், வேறெங்கோ நடந்த போட்டியின் முடிவுக்காகக் காத்திருந்த நண்பர்கள் பொழுது போக ஆரம்பித்த விளையாட்டு அது. குத்துச்சண்டைக் கையுறையைக் கயிற்றால் உருண்டையாகக் கட்டிப் பந்தாக்கினார்கள், துடைப்பக் கட்டையை மட்டையாக்கினார்கள். அங்கே அலுவலகம் முடிந்த மாலையில் சாஃப்ட்பால் ஆடுபவர்களும், இங்கே விடிகாலையில் நாற்காலியை ஸ்டம்பாக வைப்பவர்களும் தேடுவது ஒன்றைத்தான்.

அடித்த பந்து சீமைக்கருவேல முள்ளுக்குள் போய்விட்டால் ஆட்டம் நிற்கும். ஆளுக்கொரு குச்சியோடு குனிந்து தேடுவோம். உண்மையான பேச்சு அப்போதுதான் நடக்கும். மகளுக்கு வரன் தகைந்தது, அரியர் பேப்பர் போனது, வேலை போனது எல்லாம் முள்ளைப் பார்த்தபடியேதான் வெளியே வரும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை ஆண்கள் இப்படிக் குனிந்து நின்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு ஞாயிறு போதாது

இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி இரண்டு நாளாவது என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. இரண்டு மணி நேர ஆட்டத்தில் பாதி நேரம் நாம் நின்றுகொண்டுதான் இருக்கிறோம். அதனால் எங்களில் ஐந்தாறு பேர் செவ்வாயும் வியாழனும் சேர்ந்து வேக நடை போகிறோம். தனியாக இருந்திருந்தால் இரண்டே வாரத்தில் விட்டிருப்பேன். தெருமுனையில் ஒருவர் காத்திருக்கிறார் என்ற எண்ணம்தான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்புகிறது.

தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு இடங்களில் 14,227 பேரிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தி, 2014-இல் வெளியான ஆய்வில், 54.4 சதவீதம் பேர் போதிய உடல் உழைப்பு இல்லாதவர்கள். விளையாட்டாகவோ பொழுதுபோக்காகவோ உடலை அசைப்பவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. 2023-இல் வந்த அதன் தொடர்ச்சி, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது.

சேர்ந்து ஆடினால் என்ன கூடுகிறது?

கோபன்ஹேகனில் 8,577 பேரை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஆய்வு 2018-இல் வெளியானது. உட்கார்ந்தே இருப்பவர்களோடு ஒப்பிட்டால் டென்னிஸ் ஆடியவர்களின் ஆயுள் 9.7 ஆண்டு, பேட்மிண்டன் ஆடியவர்களுக்கு 6.2, கால்பந்துக்கு 4.7, மெல்லோட்டம் ஓடியவர்களுக்கு 3.2 ஆண்டு கூடுதல். டென்னிஸ் ஆடுபவர்கள் வசதியானவர்களாகவும் இருக்கலாம் என்பதால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் கூட ஆட இன்னொருவர் தேவைப்படும் விளையாட்டுகள் மேலே நிற்பதை ஆய்வாளர்களே சுட்டிக்காட்டினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு படகோட்டிகளிடம் நடந்த சிறிய ஆய்வு ஒன்றும் உண்டு. ஒரே அளவு துடுப்புப் பயிற்சிதான். ஆனால் குழுவாகச் செய்த நாளில் வலி தாங்கும் சக்தி அதிகமாக இருந்தது.

தனிமையைப் பற்றி 2025-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவரை அது வாட்டுகிறது என்கிறது. வேலைக்காகப் புதிதாகக் குடிவந்தவர்கள் நிறைந்த நம் புறநகரில் அந்த ஆறாவது ஆளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம்.

"ஒண்ணோட நின்னுட்டீங்களே, சார்?"

ரயில்வேக்காரர் எப்போதும் இரண்டு ரன் ஓடும் இடத்தில் ஒரு ரன்னோடு நின்றார். அடுத்த வாரமும் அப்படித்தான். எதிர்முனையில் நின்ற மாணவன்தான் முதலில் கவனித்தான். "ஒண்ணோட நின்னுட்டீங்களே, சார்?" என்றான். அவர் சிரித்து மழுப்பினார். மருந்துக்கடைக்காரர் விடவில்லை. திங்கட்கிழமை அவரே வண்டியில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். ரத்த அழுத்தம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் ஆனது. இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மருத்துவர் அனுமதித்த பிறகுதான் மறுபடி மட்டையைத் தொட்டார். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாத மூச்சுவாங்கல், வாராவாரம் கூட ஓடுபவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஆடும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை இருந்தால் "வாயுப் பிடிப்பு" என்று சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள். உட்காரவைத்து உடனே 108-ஐ அழையுங்கள்.

விரலைச் சொடுக்கி இழுக்காதீர்கள்

கேட்ச் பிடிக்கும்போது விரல்நுனியில் பந்து குத்தினால் யாராவது ஓடிவந்து இழுத்துவிடுவார்கள். கூடவே கூடாது. நுனி தொங்கிப்போய், தானாக நிமிர்த்த முடியாவிட்டால் தசைநாண் அறுந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்து, ஆறு முதல் எட்டு வாரம் விரலை மடக்காமல் கட்டுப்போட வேண்டியிருக்கும். நான் அலட்சியமாக விட்டதில் என் வலது சுண்டுவிரல் இன்றும் வளைந்தே இருக்கிறது.

நாற்பதைத் தாண்டியவர்கள் வந்ததும் மட்டையைப் பிடிக்காமல் பத்து நிமிடமாவது மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்க வேண்டும். கெண்டைக்கால் தசை கிழிவது பெரும்பாலும் குளிர்ந்த காலோடு ஓடும் முதல் வேகமான ஓட்டத்தில்தான். சாஃப்ட்பாலில் சறுக்கி விழுந்து கணுக்காலில் அடிபடுவது வாடிக்கை. மிச்சிகனில் 1980-களில் நடந்த ஆய்வில், ஓடுபவர் தொட வேண்டிய தளங்கள் (பேஸ்) தரையில் இறுக்கப்பட்டிருந்த 627 ஆட்டங்களில் 45 காயங்கள், மோதினால் கழன்றுவிடும் தளங்கள் இருந்த 633 ஆட்டங்களில் இரண்டே காயங்கள். இதைப் படித்த பிறகுதான் ஸ்டம்புக்கு வைத்திருந்த கருங்கல்லை எடுத்துவிட்டு நாற்காலியைக் கொண்டுவந்தோம்.

பெண்கள் எங்கே?

என் மனைவி பள்ளியில் எறிபந்து ஆடியவர். "எங்களுக்கு யாரு போன் பண்ணுவா?" என்று ஒருநாள் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எங்கள் மனையில் கழிப்பறை கிடையாது, உடை மாற்ற மறைவிடம் கிடையாது. பெண்கள் அங்கே இரண்டு மணி நேரம் எப்படி நிற்பார்கள்? பிளாட்டுகளும் ஒவ்வொன்றாக வீடாகிக்கொண்டிருக்கின்றன. மணிக்கணக்கில் வாடகை கட்டி டர்ஃபில் ஆட எல்லோராலும் முடியாது. ஊருக்கு ஒரு பொது மைதானம், அதில் தண்ணீரோடு இரண்டு கழிப்பறை, மாலையில் நான்கு விளக்கு. இதைக் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்து என் மனைவியுடையது, இரண்டாவது ரயில்வேக்காரரின் வீட்டம்மாவுடையது.